சேனை வைத்தது யார்?

என் பேத்தியின் நாக்கில் முதலில் பட்டது எது, அதை வைத்த கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தவன் நான். எனக்கே தெரியவில்லை என்றால், நேரம் கிடைத்தபோது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் சுருளியாண்டி. ஊர் சுருளிப்பட்டி. திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பது தொழில். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் பள்ளிக்கூடம் போனேன். மருந்து டப்பாவில் மண்டை ஓடு போட்டிருக்கிறதா, முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்று பார்க்கத் தெரியும். சிவப்பென்றால் கடும் விஷம். அதற்கு மேல் படிப்பு எனக்குத் தேவைப்படவில்லை. இலையில் செவட்டை நோய் வந்தால் ஒரு மருந்து, சாம்பல் பூத்தால் ஒரு மருந்து, புழு வந்தால் ஒரு மருந்து. எல்லாமே கொல்கிற மருந்து. கொல்கிறதுதான் என் வேலை.

மருந்துக் கடைக்காரனை நான் நம்புவதில்லை. நாற்றுக்காரனையும், ஓட்டுக் கேட்டு வருகிறவனையும் நம்புவதில்லை. டாக்டர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒருவர், தேனையோ சீனித் தண்ணீரையோ தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது பேச்சு. ஒரே ஒரு தடவைதான். முதலில் யார் வைத்தாரோ அவர் வைத்ததுதான் சேனை. பின்னால் ஊரே வரிசையில் நின்று வைத்தாலும் அது வெறும் இனிப்பு.

என் மகள் பாண்டீஸ்வரிக்கு வளைகாப்பு நடந்த அன்றே, சேனை யார் வைப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவருடைய அக்கா ஜோதிலட்சுமி சின்னமனூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாயில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறாள் என்றும் சொல்லலாம்.

"சேனை எங்க பெரியப்பாதான் வைக்கணும்" என்றாள். என்னைக் காட்டி, "அவுகளுக்கு அடுத்து யாரு வேணா வைக்கட்டும், மாமா மட்டும் வேணாம். மாமா வச்சா, பிள்ள தொட்டில்ல கிடந்தே நம்மள வைய ஆரம்பிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரியும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. கோபம் வந்ததே அவள் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கோபம் வந்தது.

அந்தப் பெரியப்பா சுந்தரலிங்கம், குச்சனூர்க்காரர். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறுக்கே நாய் படுத்திருந்தால்கூட "கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சுற்றிப் போகிற மனிதர். அவர் சேனை வைத்த பிள்ளைகள் குச்சனூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சுருளி மலைத் தேன் ஒரு சின்னப் பாட்டிலில் எப்போதும் வீட்டில் இருக்குமாம். தன் தங்க மோதிரத்தைக் கழற்றித் தேனில் தோய்த்துத்தான் வைப்பாராம்.

ஆனால் பிள்ளை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எட்டாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். என் உள்ளங்கையும் கொஞ்சம் மணிக்கட்டும் சேர்ந்தால் என்ன அளவோ, அவ்வளவுதான் பிள்ளை. பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று என்று குழாய் சொருகிவிட்டார்கள். வாயில் போகிற குழாய் வயிற்றுக்குப் பால் போகவாம்.

டாக்டரம்மா வந்து, "வெளியில இருந்து யாரும் பிள்ளை வாயில எதையும் வைக்கக் கூடாது. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணி எதுவும் கூடாது. உள்ள வர்றவங்க கையை முழங்கை வரைக்கும் கழுவணும்" என்றார்.

உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் என்னைக் கழுவ வைத்தார்கள். மருந்தடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போதுகூட நான் அப்படிக் கழுவியதில்லை.

மறுநாள் அதே டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"பெரியவரே, பிள்ளைக்கு நல்ல கிருமி கொஞ்சம் சொட்டு மருந்தா குடுக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற முகமாக இல்லை.

"கிருமியா?"

"ஆமா."

"உசுரோடவா?"

"உயிரோடதான். உயிர் இல்லைன்னா பிரயோசனம் இல்லை."

"என் கையில கிருமி இருக்குன்னு தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவச் சொல்றீக. இப்ப நீங்களே பாட்டில்ல வச்சு ஊட்டுறேங்குறீக."

அவர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"எல்லாக் கிருமியும் ஒன்னு இல்லைங்கய்யா. நிறைமாசத்துல பிறந்து தாய்ப் பால் குடிக்கிற பிள்ளைக்கு, அம்மா உடம்புல இருந்தும் பால்ல இருந்தும் நல்ல கிருமி போய்க் குடல்ல குடியேறிக்கும். இது முன்னாடியே எடுத்த பிள்ளை. பெட்டிக்குள்ள இருக்கு. குடல் காலி வீடு மாதிரிக் கிடக்கு. நல்லது போய் உக்காரலைன்னா கெட்டது வந்து உக்காந்துக்கும். குறைமாசப் பிள்ளைக்குக் குடல் புண்ணாகி அழுகிப்போற நோய் வரும். கிருமி ரத்தத்துல ஏறும். அதைத் தடுக்கத்தான் இது."

"குடுத்தா வராதா?"

"வர்ற வாய்ப்பு குறையும்."

"வராதுன்னு சொல்ல மாட்டீகளா?"

"சொல்ல மாட்டேன்."

"இதால கெடுதல் உண்டா?"

"ரொம்ப அபூர்வமா, இந்தக் கிருமியே ரத்தத்துல ஏறுனது உண்டு. அதையும் நான் சொல்லணும்ல. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதைக் குடுக்குறது இல்லை. நாங்க குடுக்குறோம். நிறைய பிள்ளைக்கு நல்லது செஞ்சிருக்கு."

எத்தனையோ கடைக்காரர்கள் என்னிடம் மருந்து விற்றிருக்கிறார்கள். தன் சரக்கின் குறையைத் தன் வாயால் சொன்னவன் ஒருத்தனும் இல்லை. இந்த அம்மா சொல்கிறார். சொன்னதற்காக நம்புவதா, குறை இருக்கிறதற்காக நம்பாமல் போவதா?

அப்போது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை தோட்டக்கலை ஆபீஸில் ஒரு பொடி கொடுத்தார்கள். அதுவும் உயிருள்ளதுதானாம். வேர் அழுகலைத் தின்னுகிற பூஞ்சாணமாம். நான் அதையும், பூஞ்சாணத்தைக் கொல்கிற மயில்துத்தத்தையும் ஒரே டிரம்மில் கலக்கி ஊற்றினேன். வந்து பார்த்த ஆபீசர், "மயில்துத்தத்தப் போட்டுப் பொடியில இருந்த உசுரை எல்லாம் கொன்னுட்டு, பொணத்தை ஊத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பிள்ளைக்குக் கிருமியைக் கொல்ற ஊசி போடுறீகல்ல?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதுலயே இதையும் குடுத்தா, ஒரே டிரம்முல ரெண்டையும் ஊத்துன மாதிரி ஆயிராதா?"

"ஆகும். அதனாலதான் ஊசி போடுற நேரம் வேற, சொட்டு குடுக்குற நேரம் வேற" என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். நான் பெரிதாக மடக்கிவிட்டதாக நினைத்தது அவருக்குத் தினமும் செய்கிற வேலையாக இருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாமா, நீங்க பக்கத்துல இருக்கீக. நீங்க பாத்து எது சொன்னாலும் சரி" என்றார். பின்னால் தையல் மிஷின்களின் சத்தம். பாண்டீஸ்வரியிடம் போனேன். வயிற்றில் தையலோடு படுத்திருந்தாள். "டாக்டரம்மா சொன்னா குடுக்கட்டும்ப்பா. அவுககூடச் சண்டை போட்டுறாத" என்றாள்.

திரும்பி வந்து, "சரி, குடுங்க" என்றேன். புரிந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் காரணம் தெரியவில்லை. அதுதான் உண்மை. கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் வெளியே வந்து, முதல் சொட்டைக் கொடுத்தாயிற்று என்றாள்.

அன்று மத்தியானம் ஜோதிலட்சுமியும் சுந்தரலிங்கமும் வந்தார்கள். பாண்டீஸ்வரியைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பிள்ளையைக் காட்டக் கூட்டிப்போகிற நேரம். ஜோதிலட்சுமி அவள் காதில் என்னமோ சொன்னாள். சுந்தரலிங்கம் சட்டைப் பையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்தார். மோதிரத்தைக் கழற்றி உள்ளே விட்டு எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து பாண்டீஸ்வரி கையில் வைத்தார்.

"என்ன நடக்குது இங்கன?" என்றேன்.

"ஒன்னும் இல்ல மாமா" என்றாள் ஜோதிலட்சுமி. "பெரியப்பாவ உள்ள விட மாட்டேங்குறாக. மோதிரம் அவுக மோதிரம், தேன் அவுக தோய்ச்ச தேன். இவ போய் நாக்குல லேசா ஒத்தி எடுத்தாப் போதும். பெரியப்பா வச்ச மாதிரிதான்."

"டாக்டரம்மா கூடாதுன்னு சொல்லியிருக்காக."

"அவுக எல்லாத்தையும்தான் கூடாதுங்குறாக. உங்களுக்கு எங்க பெரியப்பா வைக்குறதுல பொறாமை."

பொறாமை இருந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் எனக்கு அந்தச் சொட்டு மருந்தின் மேலும் நம்பிக்கை இல்லை, இந்தத் தேனின் மேலும் நம்பிக்கை இல்லை. ஆனால் டிரம்மில் ஒன்றை ஊற்றிவிட்டு அதன் தலையில் இன்னொன்றை ஊற்றினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். பாண்டீஸ்வரி அந்தத் துணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சேனை வச்சாச்சு" என்றேன்.

"என்னது?"

"பிள்ளைக்குச் சேனை வச்சாச்சு. முதச் சொட்டு உள்ள போயிருச்சு. இனி எதை வச்சாலும் அது சேனையில்ல."

சுந்தரலிங்கம்தான் கேட்டார். "யாரு வச்சாக சம்பந்தி?"

"நர்ஸ் சிஸ்டர் வச்சாக. டாக்டரம்மா ஒரு சொட்டு மருந்து குடுக்கச் சொன்னாக. அதான்."

சுந்தரலிங்கம் துணியை வாங்கி மோதிரத்தைத் துடைத்து விரலில் போட்டுக்கொண்டார். "அப்ப சரி. வச்சதுக்கு மேல வைக்கக் கூடாது" என்றார். குரலில் ஒன்றும் காட்டவில்லை. தேன் பாட்டிலை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜோதிலட்சுமி விடவில்லை. "எந்த சிஸ்டர்?" என்று கேட்டாள். கதவைத் திறந்துகொண்டு வந்த சிஸ்டரைக் காட்டினேன். நேராகப் போய் மறித்தாள்.

"சிஸ்டர், உங்களுக்கு எந்த ஊரு?"

"ராயப்பன்பட்டிக்கா."

"பேரு?"

"ஜெசிந்தா."

"வீட்டுல சண்டை கிண்டை போடுவீகளா?"

"யாருகூட?"

"பொதுவாத்தான் கேக்குறேன். கோபம் வருமா? சாமானைத் தூக்கிப் போட்டு உடைப்பீகளா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், சுந்தரலிங்கத்தைப் பார்த்தாள். "எதுக்குக்கா கேக்குறீக? எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றாள்.

ஜோதிலட்சுமி திரும்பி வந்தாள். "முகம் சாந்தமாத்தான் இருக்கு. வேதக்கார வீட்டுப் பிள்ளை. நம்ம பிள்ளை கோயிலுக்குப் போகுமோ சர்ச்சுக்குப் போகுமோ தெரியல. இருந்தாலும் மாமா வைக்குறதுக்கு இது தேவலாம்" என்றாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் கை கழுவி உள்ளே போனபோது ஜெசிந்தா பிள்ளைக்கு அந்தச் சொட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரி பீய்ச்சிக் கொடுத்த பாலில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி, வாயில் போகிற குழாயின் வெளிமுனையில் மாட்டி மெதுவாக விட்டாள். பிள்ளை தூங்கியபடியே இருந்தது. வாயில் எந்த அசைவும் இல்லை.

"இப்படியா குடுக்குறீக?" என்றேன்.

"ஆமா தாத்தா. உறிஞ்சி முழுங்க அதுக்கு இன்னும் தெரியாதுல்ல. குழாய் வழியா நேரா வயித்துக்குப் போயிரும்."

"நாக்குல படாதா?"

"படாது."

"காலைலயும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சொன்னது பொய்யாகிவிட்டது. சேனை என்றால் நாக்கில் பட வேண்டும். வயிற்றில் போய் விழுந்தது சேனையா? நாக்கில் படாமல் வயிற்றுக்குப் போனால் குணம் எந்த வழியாக ஏறும்? டாக்டரம்மாவைக் கேட்டால் எல்லாமே வயிற்றில்தான் இருக்கிறது என்பார். சுந்தரலிங்கத்தைக் கேட்டால் நாக்கு என்பார். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அந்தத் தேன் பாட்டில் வெளியே வரும்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த அன்று பிள்ளைக்கு வயிறு வீங்கியது. கண்ணாடி வழியாகவே தெரிந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. பாலை நிறுத்திவிட்டார்கள். சொட்டையும் நிறுத்திவிட்டார்கள். ஊசியை மாற்றினார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு டாக்டர்கள் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

வாசலில் என் பக்கம் யாரும் உட்காரவில்லை.

"கிருமியக் குடுத்தீகன்னா வயிறு வீங்காம என்ன செய்யும்?" என்றாள் ஜோதிலட்சுமி. அது என்ன சொட்டு என்று பாண்டீஸ்வரி சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் குரலில் கேலி இல்லை. "ஊருல ஒருத்தரையும் நம்பாத ஆளு, இதுக்கு மட்டும் எப்படி மாமா தலைய ஆட்டுனீக?"

அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் நம்பாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு தடவை சரி என்று சொன்னேன். அந்த ஒரு தடவைதானா இப்படி ஆக வேண்டும்?

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்று செல்போனைத் திறந்து பார்ப்பார், மூடுவார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் திருப்பித் திட்டத் தெரியும்.

சுந்தரலிங்கம் மட்டும் டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களும் சொல்லுங்க" என்றேன். "தேனை வச்சிருந்தா இது வந்திருக்காதுன்னு சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தேனை வச்சிருந்து வயிறு வீங்கியிருந்தா இன்னைக்கு என்னையத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டிருப்பாக சம்பந்தி. தப்பிச்சேன்னுதான் தோணுது. அப்படித் தோணுறது தப்புதான், ஆனா தோணுது" என்றார்.

அந்த மனிதர் மேல் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

டாக்டரம்மாவை வழிமறித்தேன். "அந்தச் சொட்டாலதான் இது வந்துச்சா?"

"தெரியலைங்கய்யா. அதனால இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனை வரட்டும். எந்தக் கிருமின்னு தெரிஞ்சா சொல்லலாம்."

பரிசோதனை வந்தது. ஒன்றும் வளரவில்லையாம். ரத்தத்தைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தார்களாம், எந்தக் கிருமியும் முளைக்கவில்லையாம். அப்படியென்றால் நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றார். அப்படியானால் வயிறு ஏன் வீங்கியது என்றேன். குறைமாசப் பிள்ளைக்கு அப்படியும் வீங்கும் என்றார். அந்தப் பெரிய நோயின் தொடக்கமா என்றேன். தொடக்கமாகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியோ வயிறு இளகுகிறது என்றார். சொட்டு கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாக ஆகியிருக்குமா என்றேன்.

"அது யாருக்குமே தெரியாதுங்கய்யா" என்றார்.

படித்தவர் ஒருவர் தெரியாது என்று இத்தனை தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

வயிறு நாளுக்கு நாள் இறங்கியது. பால் மறுபடி ஆரம்பித்தார்கள். பிள்ளை வாயைக் குவித்துச் சப்புக்கொட்ட ஆரம்பித்ததால் வாய்க் குழாயை எடுத்துவிட்டுப் பாலாடைச் சங்கில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அப்போது டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"சொட்டு மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கிறேன். ஊசி போட்டதுல குடல்ல இருந்த நல்லதும் சேர்ந்து அழிஞ்சிருக்கும். ஆனா நீங்க பயந்திருக்கீங்க. கலந்து பேசிச் சொல்லுங்க."

"வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

"குடுக்கணும்" என்றாள் பாண்டீஸ்வரி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? பிள்ளை அவர்களுடையது.

"செவட்டை விழுந்த கொடிக்கு ஒரு தடவை அடிச்சிட்டு, பயந்துபோய்ப் பாதியில விட்டவன் தோட்டம் என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"பிள்ளை கொடியில்ல மாமா" என்றார் மாப்பிள்ளை.

அதுவும் சரிதான். நான் கதவுப் பக்கம் நின்ற ஜெசிந்தாவிடம் போனேன். "தாயி, அந்தப் பாட்டிலக் கொண்டா."

"எதுக்குத் தாத்தா?"

"எனக்கு ஒரு சொட்டு விடு."

"இது உங்களுக்கு இல்ல."

"தெரியும். விடு."

ஜெசிந்தா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா, "பாட்டில் முனை கையில படாம விடுங்க" என்றார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நக்கினேன். எண்ணெய் மாதிரி வழவழப்பு. ருசி ஒன்றும் இல்லை. உயிருள்ள ஒன்றைத் தின்கிறோம் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாது என்று எனக்குத் தெரியும். இது மருந்து நெடியிலேயே ஊறிப்போன வயிறு. இதற்கு நல்லது வந்தாலும் தெரியாது, கெட்டது வந்தாலும் தெரியாது. இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? எழுந்து போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து எதிரில் நின்றார்.

"வயிறு என்ன செய்யுது மாமா?"

"ஒன்னும் செய்யல."

"சரி. நீங்களே குடிச்சிட்டீக. குடுக்கச் சொல்லிடுறேன்" என்று உள்ளே போனார்.

நான் குடித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு மூடிவிட்டது. எனக்கே இல்லாத நம்பிக்கையை அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெசிந்தா பாலாடையில் பாலோடு சொட்டைக் கலந்து பிள்ளையின் கீழுதட்டில் சாய்த்தாள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். பிள்ளை நாக்கை நீட்டியது. உள்ளே இழுத்தது. முகத்தைச் சுளித்தது. பிறகு இன்னும் வேண்டும் என்பதுபோல வாயைத் திறந்தது.

வெளியே வந்த ஜெசிந்தா சந்தோஷமாக, "முதமுதலா வாயால குடிச்சிருக்கு" என்றாள்.

ஜோதிலட்சுமியின் தலை திரும்பியது. "முதமுதலாவா? அப்ப அன்னைக்கு நீங்க வச்சது?"

"அன்னைக்கெல்லாம் குழாய்ல போச்சுக்கா. நாக்குல படலையே. தாத்தாகிட்ட அப்பவே சொன்னேனே."

ஜோதிலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவுகிற படத்தைப் பார்த்தேன்.

"அப்ப இன்னைக்குத்தான் சேனை" என்றாள். "ஒரே பாட்டிலு. முதச் சொட்டை மாமா நக்கியிருக்காக. அடுத்தது பிள்ளைக்குப் போயிருக்கு. பெரியப்பா, இது யாரு வச்ச கணக்கு?"

சுந்தரலிங்கத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். அந்த மனிதர் சத்தம் போட்டுச் சிரித்து அவர் வீட்டு ஆட்களே பார்த்ததில்லையாம். "மோதிரத்தைக் குடுத்துவிட்டா நான் வச்ச மாதிரின்னு சொன்னியேம்மா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "அப்ப இது சம்பந்தி வச்ச மாதிரிதான்."

"நான் வைக்கல" என்றேன். "எனக்கு அப்படி ஒரு நினைப்பே இல்ல."

"வேணும்னு செஞ்சீகளோ தெரியாமச் செஞ்சீகளோ, போச்சு" என்றாள் ஜோதிலட்சுமி. "வளைகாப்புலயே சொன்னேன், மாமா மட்டும் வேணாம்னு."

இத்தோடு தீர்ந்திருந்தால் நானும் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, ஜோதிலட்சுமி இந்தக் கதையையெல்லாம் டாக்டரம்மாவிடமே சொல்லிச் சிரித்தாள். டாக்டரம்மா ஜெசிந்தாவைப் பார்த்து, "முத நாள் சீம்பால் வச்சு வாயைத் துடைச்சிருப்பீங்களே?" என்றார்.

"அது எல்லாப் பிள்ளைக்கும் செய்றதுதான் மேடம்" என்றாள் ஜெசிந்தா. "அம்மாவோட சீம்பாலைப் பஞ்சுல தொட்டு உதடு, நாக்கு எல்லாம் துடைச்சு விடுவோம். இந்தப் பிள்ளைக்கும் துடைச்சிருப்பாக. அன்னைக்கு டூட்டி நான் இல்ல."

"யாரு இருந்தா?" என்று கேட்டேன்.

"தெரியல தாத்தா. வேற சிஸ்டரா இருக்கும்."

அப்படியென்றால் நாக்கில் முதலில் பட்டது பாண்டீஸ்வரியின் பால். வைத்த கை யாரோ ஒரு சிஸ்டருடையது. துடைத்தார்களா என்பதும் "துடைச்சிருப்பாக" என்பதோடு நிற்கிறது. அந்தப் பாலிலும் நல்ல கிருமி உண்டு, அதுவும் உயிரோடுதான் என்று டாக்டரம்மா சேர்த்துச் சொன்னார். பிள்ளையைக் காப்பாற்றியது அதுவா, சொட்டா, ஊசியா, சொட்டை நிறுத்தியதா, திரும்பக் கொடுத்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் சுந்தரலிங்கம் அந்தத் தேன் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். ஒரு வயது முடிகிற வரைக்கும் பிள்ளைக்குத் தேன் ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பிறந்த நாளுக்கு வர்றேன் சம்பந்தி. அன்னைக்கு வைக்கிறேன். வெறும் இனிப்பாத்தான் இருக்கட்டும்" என்றார். பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எறும்பு வராமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது பிள்ளை சுருளிப்பட்டியில் எங்களோடு இருக்கிறது. கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. பசி எடுத்தால் வீதி முனை வரை கேட்கிறது. பால் வருவதற்குள் கையை முறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, ஒரு கத்து. போன வாரம் வந்த ஜோதிலட்சுமி ஆசையாகத் தூக்கினாள். அவள் புதுச் சேலையில் கக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே கத்தியது.

"பாத்தீகளா மாமா" என்றாள் சேலையைத் துடைத்துக்கொண்டே. "அப்படியே உங்க வாய்."

"நான் வைக்கலம்மா."

"வச்ச மாதிரிதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னத்தை வைத்து இல்லை என்பது? வெளியே போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்து முழங்கை வரை கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கினேன். வாங்கியதும் கத்தலை நிறுத்திவிட்டு என் விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. எடுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.